கிலாவேயா இக்கி: ஒரு எரிமலைப் பள்ளத்தை ஒரே நாளில் படிக்க

ஹவாயின் பெரிய தீவுக்குப் போகிற பெரும்பாலோர் தேடுவது சிவப்பாக ஓடும் லாவாவை. கண்ணில் பட்டால் நல்லதுதான். ஆனால் அதைத் தூரத்தில் நின்று பார்க்கலாம், படமெடுக்கலாம். கிட்டே போய்ப் படிக்க முடியாது. நிலவியலுக்கென்றே ஒரு நாள் ஒதுக்குகிறீர்கள் என்றால் அதைக் கிலாவேயா எரிமலையில் உள்ள கிலாவேயா இக்கி பள்ளத்துக்குக் கொடுங்கள். 1959 நவம்பர் 14 இரவு தொடங்கி டிசம்பர் 20-ல் அடங்கிய ஒரே சீற்றத்தின் தடயம் முழுவதும் அங்கே நடந்து தொடும் தூரத்தில் கிடக்கிறது. லாவா வந்த வாய், அது நிரப்பிய ஏரி, வழிந்து இறங்கிய சுவடு, காற்று அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டிய கற்கள், அவற்றின் அடியில் மாண்ட காடு என எல்லாம் உண்டு. சென்னைக்காரர்கள் பல்லாவரம் குன்றில் பார்க்கும் சார்னகைட் பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழசு. இங்கே கால் வைக்கும் பாறை நம் அப்பா, தாத்தா காலத்தில் உருவானது.

வட்டப்பாதை 5.3 கிலோமீட்டர். விளிம்பிலிருந்து 120 மீட்டர் இறங்கி, தரையைக் கடந்து, மறுபக்கம் ஏற வேண்டும். வேகமாக நடப்பவர்கள் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். நின்று பார்த்துப் போக நான்கு மணி நேரம் வையுங்கள்.

வழிகாட்டியும் நாளும்

கிலாவேயா எரிமலை ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பணம் வாங்கிக் கூட்டிப்போகும் வழிகாட்டிக்குப் பூங்காவின் வணிக அனுமதி இருந்தாக வேண்டும். முன்பதிவுக்கு முன்பே அதைக் கேளுங்கள். அடுத்த கேள்வி, பள்ளத்தின் தரையில் எவ்வளவு நேரம் நிறுத்துவார் என்பது. "தீவு முழுக்க ஒரே நாளில்" வகைப் பேருந்துச் சுற்றுலாவில் இந்த இடத்துக்குக் கிடைப்பது விளிம்பில் சில நிமிடங்கள், அதுவும் புகைப்படத்துக்கு. நிலவியல் பார்க்க அது போதாது. ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பத்துப் பேர் என்றால் சரி. அதற்கு மேல் போனால் ஒற்றையடிப் பாதையில் பின்னால் வருபவர்களுக்குப் பேச்சு காதில் விழாது. கடைசியில் நடக்க ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.

நாள் குறிக்கும் முன்பு அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஹவாய் எரிமலைக் கண்காணிப்பகம் வெளியிடும் அறிக்கையைப் பாருங்கள். 1912-ல் தாமஸ் ஜாகர் தொடங்கிய நிலையம் அது. எச்சரிக்கை நான்கு படிகளில் வரும்: இயல்பு, அறிவுரை, கவனிப்பு, எச்சரிக்கை. 2024 டிசம்பர் 23-ல் தொடங்கிய சீற்றம் கிலாவேயா உச்சியில் உள்ள ஹலேமாவுமாவு பள்ளத்தில் விட்டுவிட்டு நடந்தது. லாவா பல மணி நேரம் ஊற்றாகப் பீறிடும், பிறகு சில நாளோ சில வாரமோ ஓய்ந்திருக்கும். பீறிடும் நாளில் காற்று உங்கள் பக்கம் திரும்பினால் கண்ணாடி இழைகளும் பொங்கிய கற்களும் பாதையில் விழும், சாலைகளை மூடுவார்கள். எனவே பயணத்தில் ஒரு நாளை மாற்றாகக் கையில் வைத்திருங்கள். அறிக்கையில் போட்டிருக்கும் நேரம் ஹவாய் நேரம், இந்தியாவுக்குப் பதினைந்தரை மணி நேரம் பின்னால்.

வாயு விஷயத்தில் விளையாட வேண்டாம். கந்தக டைஆக்சைடு ஆஸ்துமாக்காரர், இதய நோயாளி, கர்ப்பிணி, கைக்குழந்தை ஆகியோருக்கு ஆகாது. என்95 முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், இந்த வாயுவைத் தடுக்காது. தீக்குச்சி உரசியது போன்ற நெடி வந்து தொண்டை கரகரத்தால் காருக்குத் திரும்பி, கண்ணாடியை ஏற்றி, காற்று வரும் பக்கமாக ஓட்டிக்கொண்டு விலகுங்கள்.

பையில் என்ன

பள்ளத்தின் விளிம்பு சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் வியர்த்துக்கொண்டு கிளம்பினாலும் இங்கே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும், மழையும் சொல்லாமல் வரும். மழைச்சட்டை கட்டாயம். குடை எடுக்காதீர்கள், பள்ளத்துக் காற்று அதை மடக்கிவிடும். கணுக்காலைப் பிடிக்கும் ஷூ, முழுக்கால் சட்டை, தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தரையில் நிழலும் கிடையாது, குழாயும் கிடையாது. கெட்டித் துணிக் கையுறை ஒரு ஜோடி வேண்டும். புது லாவாவின் மேல்தோல் கண்ணாடி, தடுக்கி விழுந்து கையை ஊன்றினால் உள்ளங்கை கிழியும். உணவைக் கட்டிக்கொண்டே போங்கள். புளிசோறும் வறுவலும் இந்த வேலைக்குச் சரியாக வரும்.

ஆராயும் கருவி என்று பார்த்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், நூலில் கட்டிய சிறு காந்தம், ஒரு நாணயம், பென்சில், மழையில் நனைந்தாலும் கிழியாத நோட்டு. சுத்தியல் வேண்டாம். தேசியப் பூங்காவில் பாறையை உடைப்பதும் ஒரு சிறு கல்லைக்கூட எடுத்துப்போவதும் குற்றம். உதிரியாகக் கிடப்பதைத் தூக்கி லென்ஸில் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வையுங்கள். லேசர் வெப்பமானி கொண்டுவருவோர் உண்டு. நீராவி வரும் விரிசலில் அதைப் பிடித்தால் பாறையின் சூட்டை விட்டுவிட்டு இடையில் நிற்கும் ஆவியின் சூட்டைக் காட்டும். ஆவி விலகும் நொடியில், ஓரப் பாறையில் பிடித்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

ஹீலோவிலிருந்து வண்டியில் 45 நிமிடம், கோனாவிலிருந்து இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஒரு காருக்கு நுழைவுக் கட்டணம் 30 டாலர், ஏழு நாள் செல்லும். அட்டைதான் வாங்குவார்கள், ரொக்கம் எடுபடாது. காலை ஏழரைக்குள் கிலாவேயா இக்கி பார்வைமேடையின் நிறுத்தத்தில் வண்டியை விடுங்கள். நாஹுக்கு லாவாக்குகை நிறுத்தம் ஒன்பது மணிக்கே நிரம்பிவிடும். அங்கே இடம் தேடிச் சுற்றி ஒரு மணி நேரத்தை இழப்பதுதான் இந்த நாளில் பலருக்கும் நடக்கிற முதல் சறுக்கல்.

பாதை முகப்பில் ஷூ தேய்க்கும் பிரஷ் இருக்கும். ஓஹியா மரங்களைக் கொல்லும் பூஞ்சை மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகிறது. போகும்போதும் வரும்போதும் அடிப்பாகத்தைத் தேய்த்து, 70 சதவீத ஆல்கஹாலைத் தெளியுங்கள்.

இறங்கும் முன் மேலிருந்து

அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். பார்வைமேடையில் இருபது நிமிடம் நின்று நோட்டில் ஒரு கோட்டோவியம் போடுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. நான்கு விஷயம் அதில் இருந்தால் போதும்: பள்ளத்தின் சுவர், தட்டையான தரை, சுவரின் அடியைச் சுற்றி ஓடும் கறுப்புத் திண்ணை, எதிரே தென்மேற்கில் செம்பழுப்பாக நிற்கும் புஉ புவாயி மேடு.

பொருத்திப் பார்க்கும் வேலை அடுத்து. சீற்றம் பள்ளத்தின் தெற்குச் சுவரில் ஒரு பிளவாகத் தொடங்கி, ஒரே நாளில் ஒற்றை வாயாகக் குறுகியது. அங்கிருந்து லாவா ஊற்று அதிகபட்சம் சுமார் 580 மீட்டர் உயரம் பீறிட்டது. வடகிழக்கு வியாபாரக் காற்று அதைத் தென்மேற்கே தள்ளியதால் கற்கள் வாயின் ஒரே பக்கத்தில் குவிந்தன. அதுதான் புஉ புவாயி. மேடு ஏன் வாயைச் சுற்றி வட்டமாக இல்லாமல் ஓரமாக நிற்கிறது என்று வழிகாட்டி கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடலாம்.

கறுப்புத் திண்ணை இன்னும் சுவையானது. ஐந்து வாரத்தில் 17 முறை லாவா பீறிட்டது. முதல் கட்டம் மட்டும் ஒரு வாரம் நீடித்தது, மற்றவை குறுகியவை. ஒவ்வொன்றும் ஓய்ந்ததும் ஏரியில் இருந்த லாவா வந்த வாய் வழியாகவே மண்ணுக்குள் திரும்பி வடிந்தது. சில வேளை ஏறிய வேகத்தைவிட இறங்கிய வேகம் அதிகம். ஏரி ததும்பி நின்றபோது சுவரில் ஒட்டி உறைந்த ஓரம்தான் அந்தத் திண்ணை. இன்றைய தரையிலிருந்து சுமார் 15 மீட்டர் உயரத்தில் அது தெரியும். கடைசியில் வடியாமல் தங்கிய ஏரியின் ஆழம் 100 மீட்டருக்கும் மேல்.

தரையில் எறும்புபோல் ஊர்கிறவர்களைப் பார்த்தால் அளவு புரியும்.

இறக்கம்

கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவதே நல்லது. வடக்கு விளிம்பில் மரநிழலில் மேற்கே நடந்து, பள்ளத்தின் மேற்கு முனையில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவீர்கள். அங்கிருந்து தரையைக் கிழக்கு நோக்கிக் கடந்து நாஹுக்கு பக்கம் ஏற வேண்டும். இப்படிப் போனால் லாவா வந்த வாயை முதலில் பார்த்து, அது ஓடிய திசையிலேயே நடப்பீர்கள். எதிர்த்திசையில் போனால் கதை கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கும்.

படிகள் ஈரத்தில் வழுக்கும், அதிலும் பாசி பிடித்த கல் மோசம். காடு முடிந்து பாறை தொடங்கும் கோட்டில் ஒரு நிமிடம் நில்லுங்கள். மேலே ஹாப்புஉ மரப்பெரணியும் ஓஹியாவும் அடர்ந்திருக்கும். இரண்டடி தள்ளி வெறும் கறுப்பு. விரிசல்களில் தலைகாட்டும் ஓஹியாக் கன்றுகளைக் கவனியுங்கள். மண்ணே இல்லாத லாவாவில் முதலில் வேர்விடும் மரம் இது.

தரை

இறங்கியதும் வருவது உடைந்து, சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் பாளங்கள். பலர் வழி தவறுவது இங்கேதான். பாதையைக் காட்ட ஆஹு எனப்படும் கற்குவியல்கள் வைத்திருப்பார்கள். ஒரு குவியலில் நின்று அடுத்தது கண்ணில் பட்ட பிறகே அடி எடுத்து வையுங்கள். மூடுபனி இறங்கினால் இந்த விதிதான் காப்பாற்றும். பொழுதுபோக்குக்காகப் புதிய குவியல் அடுக்காதீர்கள். பின்னால் வருபவர் அதை நம்பி விரிசலுக்குள் போய்விடுவார். வாய்க்கும் மேட்டுக்கும் ஏறுவது தடை. அந்தக் கற்கள் உதிரி, சரியும்.

வாயைப் பார்த்த பாளங்களில் முதல் சோதனை. குனிந்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, முகத்தையே பாறைக்குக் கொண்டுபோங்கள். லென்ஸைக் கல்லருகே வைத்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கறுப்புக் கண்ணாடிபோன்ற பரப்பில் சோடாப் புட்டிப் பச்சையில் சின்னச்சின்ன மணிகள் தெரியும், ஒரு மில்லிமீட்டரிலிருந்து சில மில்லிமீட்டர் வரை. இவை ஒலிவின் என்னும் கனிமம். தட்டையான முகங்களாகப் பிளக்காமல் கண்ணாடி உடைவதுபோல் வளைந்து உடைந்திருக்கும். பூமிக்கடியில் மாக்மா என்னும் பாறைக்குழம்பு தங்கியிருந்தபோதே விளைந்து, அடியில் படிந்து, சீற்றத்தோடு அள்ளிவரப்பட்ட படிகங்கள் இவை. 1959 லாவாவில் இவை கணக்கற்று இருப்பதற்கு அதுவே காரணம். சூடும் அதிகம்: ஊற்று 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. நூலில் தொங்கும் காந்தத்தைப் பாறைக்குப் பக்கவாட்டில் கொண்டுபோனால் மெல்ல இழுபடும், காரணம் மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமத் துகள்கள். இதே காரணத்தால் போனைப் பாறைமேல் வைத்துத் திசைகாட்டி பார்த்தால் தப்பான திசை காட்டும். நெஞ்சளவில் பிடித்துப் பாருங்கள்.

அடுத்து குமிழித் துளைகள். பாளத்தின் மேற்பரப்பில் அவை நிறைய. உடைந்த விளிம்பில் மேலிருந்து கீழே பார்வையை இறக்கினால் எண்ணிக்கையும் வடிவமும் மாறும். வட்டத் துளை இருந்தால் வாயு தங்கியிருந்தபோது லாவா நின்றிருந்தது. இழுபட்ட துளை இருந்தால் லாவா அப்போதும் நகர்ந்துகொண்டிருந்தது. நீண்ட அச்சு நகர்ந்த திசையைக் காட்டும்.

கிழக்கே போகப் போகத் தரை சமமாகும். இங்கே நின்று காலடியில் ஓடும் விரிசல்களைப் பாருங்கள். பல மீட்டர் அகலப் பலகோணங்களாகத் தரை பிரிந்திருக்கும். ஏரியின் மேல் பாலாடை கட்டியதுபோல் முதலில் ஓடு பிடித்தது. ஓடு குளிர்ந்து சுருங்கியதில் வெடித்தது. மழைநீர் விரிசலில் இறங்கிக் கொதித்து ஆவியாகி, அடியிலிருந்த சூட்டை வெளியே இழுத்தது. ஓட்டின் தடிமன் ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். அதாவது தடிமன் இரண்டு மடங்காக நான்கு மடங்கு நாள் ஆகும். அடியில் போகப் போக நத்தை வேகம். ஆய்வகத்தார் 1960-லிருந்து 1988 வரை பலமுறை இந்தத் தரையைத் துளைத்து, உருகிய லாவாவைத் தொட்டு, மாதிரி எடுத்தார்கள். ஏரி முழுவதும் உறைய 1990-களின் நடுப்பகுதி ஆயிற்று. உறைந்துவிட்டது என்பதற்காக ஆறிவிட்டது என்று எண்ண வேண்டாம், உள்ளே இன்னும் சூடு இருக்கிறது.

அதன் சாட்சிதான் விரிசல்களில் எழும் ஆவி. பெரும்பாலும் மழைநீர்தான் அது. முந்தின நாள் மழை பெய்திருந்தால், குளிர்ந்த காலையில், கொத்துக்கொத்தாக எழும். வெயில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாமல் போகும், ஆனால் சூடு அப்படியே. விரிசலுக்குள் கையோ முகமோ நீட்டாதீர்கள், ஆவி சுட்டால் கொப்பளிக்கும். கேமராவை ஆவிக்குள் நீட்டினால் லென்ஸ் மூடிக்கொள்வதோடு ஈரமும் உள்ளே இறங்கும். விரிசல் ஓரத்தில் மெல்லிய ஓடு பலகைபோல் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் ஏறி நிற்பது வேண்டாம்.

சாப்பாடு தரையின் நடுவில் வேண்டாம், வெயில் வறுக்கும். கிழக்குச் சுவரின் ஏற்றம் தொடங்கும் இடத்தில் நிழல் கிடைக்கும். நேனே வாத்து பக்கத்தில் வந்து நிற்கலாம். ஒரு பருக்கை கூடப் போடாதீர்கள்; ஊட்டிப் பழகிய வாத்துகள் கார் நிறுத்தங்களில் அடிபட்டுச் சாகின்றன.

நாஹுக்கு

ஏற்றம் முடியும் இடத்திலேயே லாவாக்குகை. சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் ஓடிய லாவா மேலே ஓடு கட்டி, உள்ளே தொடர்ந்து ஓடி, வடிந்து காலியான குழாய் இது. சுவரில் கிடையாகப் போகும் வரிகளைத் தேடுங்கள்: ஓட்டத்தின் மட்டம் படிப்படியாகக் குறைந்ததற்கு அவை அடையாளம். கூரையில் தொங்கும் நுண் வேர்கள் மேலே நிற்கும் ஓஹியாவினுடையவை. தொட வேண்டாம். இதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

பிற்பகல்: விழுந்த கற்கள்

வண்டியை எடுத்துப் புஉ புவாயி பார்வைமேடைக்குப் போய், அங்கிருந்து டெவஸ்டேஷன் பாதையில் நடங்கள். ஒரு வழி 800 மீட்டர், தார் போட்டது, முதியவர்களும் நடக்கலாம். பலர் ஐந்து நிமிடத்தில் கடந்துபோகும் இந்த இடத்தில் எளிய அளவீடு ஒன்று செய்யலாம். நூறு அடிக்கு ஒருமுறை நின்று, பாதை ஓரத்தில் கிடக்கும் மிகப் பெரிய ஐந்து கற்களை நாணயத்தோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுங்கள். மேட்டை விட்டு விலக விலகக் கற்கள் சிறுத்துவரும். கனமானது முதலில் விழுகிறது, லேசானதைக் காற்று தொலைவுக்குக் கொண்டுபோகிறது. இடையில் ஒரு பெரிய கல் கணக்கைக் குலைத்தால் பதற வேண்டாம். மேட்டிலிருந்து உருண்டோ மழைநீரில் அடித்தோ வந்திருக்கலாம். ஒரே கல்லை நம்பாமல் ஐந்து பார்ப்பது அதற்குத்தான்.

தங்க நிறத்தில், கையில் கனமே தெரியாத நுரைக்கல் கிடைத்தால் ரெட்டிகுலைட்டா என்று லென்ஸில் பாருங்கள். குமிழிச் சுவர்களெல்லாம் உடைந்து கண்ணாடிக் கம்பிச் சட்டம் மட்டும் மிஞ்சியிருக்கும். இவ்வளவு லேசாக இருந்தும் தண்ணீரில் மிதக்காது, திறந்த துளைகளில் நீர் புகுந்துவிடும். பொன்னிற முடிபோல் கிடப்பவை, ஹவாயின் எரிமலைத் தெய்வமான பெலேயின் பெயரால், பெலேயின் முடி என்னும் கண்ணாடி இழைகள். கையால் அள்ளாதீர்கள், அள்ளிய கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று மூக்குக்கண்ணாடியோடு வருவது நல்லது.

நேரம் மிச்சமிருந்தால்

பாறை வகை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் செயின் ஆஃப் கிரேட்டர்ஸ் சாலையில் கடலை நோக்கி இறங்கலாம். 30 கிலோமீட்டரில் 1,100 மீட்டருக்கு மேல் இறக்கம். பெட்ரோல், உணவு, தண்ணீர் எதுவும் வழியில் கிடையாது; டேங்க்கை நிரப்பிக்கொண்டு போங்கள். ஹோலெய் பாலி சரிவில் நிறுத்தினால் 1969 முதல் 1974 வரை மௌனா உலு என்ற எரிமலை வாயிலிருந்து வந்த லாவா இரண்டு உருவத்தில் அருகருகே தெரியும். ஒன்று வழவழப்பான, கயிறு முறுக்கிய பாஹோய்ஹோய். மற்றது சொரசொரத்த கட்டிகளான ஆஆ. வேதிப்பொருள் ஒன்றுதான். செங்குத்தில் வேகமாக இழுபட்டு, வாயுவையும் சூட்டையும் இழந்து கெட்டிப்படும் லாவா ஆஆ ஆகிறது. பாஹோய்ஹோய் ஆஆ ஆகும். ஆஆ திரும்பப் பாஹோய்ஹோய் ஆகாது. அந்தச் சரிவே ஒரு பிளவுச் சுவர். எரிமலையின் தெற்குப் பக்கம் கடலை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கிறது. 1975 நவம்பர் 29 நிலநடுக்கத்தில் கடலோரம் ஹலாப்பேயில் தரை மூன்று மீட்டருக்கு மேல் தாழ்ந்து, சுனாமியும் வந்து, இருவர் இறந்தார்கள்.

கடல் வரை போகாமல் உச்சியிலேயே இருக்க நினைத்தால் ஹாஆகுலமனுவின் கந்தகத் திட்டுகளைப் பாருங்கள். வாயு பசால்ட் பாறையைத் தின்று வெளுத்த களிமண்ணாக்கியிருப்பதும் மஞ்சள் ஊசிப் படிகங்களும் மரப்பாலத்திலிருந்தே தெரியும். கெயனாகாகோயி பக்கம் நின்றால் 2018-ல் இடிந்து 500 மீட்டருக்கும் ஆழமாக இறங்கிய கால்டெரா என்னும் உச்சிப் பெருங்குழியின் அளவு பிடிபடும். அன்று இரவு லாவா பீறிட்டால் கூட்டம் அங்கேதான் குவியும். கைவிளக்கு, கம்பளிச்சட்டை இரண்டையும் காரிலேயே வைத்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். இருட்டில் திரும்பும்போது வேகத்தைக் குறையுங்கள், நேனே வாத்துகள் சாலையில் குறுக்கிடும்.